அத்தானின் கால் முன்னால் போனது

அரியலூரில் இறங்கும்போது விடிந்தும் விடியாமலும் இருந்தது. நான் இருக்கும் தூத்துக்குடியில் காற்றில் உப்பு பறக்கும். இங்கே சிமெண்டு. இரண்டும் வெள்ளைதான். உப்பு உதட்டில் கரைந்துவிடும், இது பல்லுக்கிடையில் நறநறக்கிறது. ஸ்டேஷன் வாசல் வேப்பமரம் இலைக்கு இலை சாம்பல் பூசிக்கொண்டு நின்றது, விபூதிப் புதனன்று கோயிலுக்குள் நெற்றியை நீட்டிவிட்டு வந்த கூட்டம் மாதிரி.

அக்கா பிலோமினா போனில் சொன்னது இவ்வளவுதான். "அத்தானுக்குக் கால எடுக்கணும்கறாங்க தம்பி. மாட்டேங்கறாரு. நீ வந்து சொல்லு, நீ சொன்னா கேப்பாரு."

நான் சொல்லி அத்தான் சவரிமுத்து எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்து லாரியை ஆயுள் முழுக்க ஓட்டியவர். பின்னால் ஹாரன் அடித்தால் வண்டியை இன்னும் மெதுவாக்குகிற ஆள். ஆனாலும் கிளம்பி வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி பெரம்பலூரில். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா காலடியில் சின்ன வெங்காய மூட்டை. என் பையிலிருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்தார்.

"ஆசுபத்திரிக்குங்களா?"

"ஆமாங்க."

"காலா, கிட்னியா?"

நான் திகைத்தேன். "இந்தப் பக்கம் அந்த ரெண்டுதாங்க" என்றார், அன்றைக்கு மார்க்கெட்டில் என்ன வந்திருக்கிறது என்று சொல்வதுபோல.

"கால்."

"சட்டுன்னு எடுக்கச் சொல்லுங்க. எங்க வூட்டுக்காரரு யோசிச்சாரு, யோசிச்சாரு, ஆளே போயிட்டாரு." மூட்டைமேல் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். வெளியே மக்காச்சோளக் கொல்லைகள் வந்தன, போயின. எல்லாம் கைகட்டி நிற்பதுபோல் இருந்தன.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு இட்லிக்கு வெங்காய சாம்பார் ஊற்றினார்கள். துவரம்பருப்புக்குச் சமமாகச் சின்ன வெங்காயம். எங்கள் ஊரில் அப்படி ஒரு சாம்பார் கிடையாது. துக்க காரியமாக வந்தவன் மூன்றாவது தடவை சாம்பார் கேட்டேன். நாக்குக்கு யார் வீட்டுத் துக்கமும் தெரிவதில்லை.

வார்டில் அத்தானின் கட்டில் ஒரு சின்னப் பீடமாகவே ஆகியிருந்தது. குளுக்கோஸ் மாட்டும் கம்பியில் நீல மணி ஜெபமாலை. தலைமாட்டில் வேளாங்கண்ணி எண்ணெய். கழுத்தில் நைந்துபோன உத்தரியம், அதன் துணிப்படத்தில் கர்மேல் மாதாவின் முகம் வியர்வையில் அழிந்து கிரீடம் மட்டும் மிச்சம். தலையணைக்கடியிலிருந்து ஒரு படத்தில் அம்பு தைத்த செபஸ்தியார் பாதி எட்டிப் பார்த்தார். மருந்து மேசையில் குழந்தை ஏசுவைத் தூக்கியபடி அந்தோணியார். ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ், "அந்தோணியாரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அவரை நகர்த்திவிட்டுத் தன் கருவியை வைத்தாள். பொட்டு வைத்த பெண். அந்தோணியாருக்கும் அது பழகியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாடை. எண்ணெய் வாசனையை விலக்கிக்கொண்டு வந்தது. வலது கால். விரல்கள் கறுத்து, கருக்கிய கத்தரிக்காய் மாதிரி.

"வா மாப்ள. உன்னையும் இழுத்துட்டு வந்துட்டாளா உங்கக்கா?" என்றார் அத்தான். காய்ச்சலில் கண் மினுங்கியது.

கதையை அவரே சொன்னார். ஊர்க்காரர்களோடு வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடப்பவர். காவி வேட்டி, வெறுங்கால், முன்னால் மாதா சுரூபம் வைத்த வண்டி. ஆகஸ்டு இருபதுக்கு மேல் கிளம்பினால் மாதக் கடைசியில் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரலாம்.

"இந்த வருஷம்தான் மாப்ள புதுமை. தாரு உருகி ஓடுது. பசங்கல்லாம் தவளையாட்டம் துள்றானுங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல. பூ மேல நடக்கற மாதிரி. நான் எங்க நடந்தேன்? அவதான் தூக்கிட்டுப் போனா."

கூட வந்தவர்களுக்கும் அது தெரிந்துவிட்டது. பெண்கள் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ராத்திரி தங்கிய ஊரில் கைப்பிள்ளையைக் கொண்டுவந்து அவர் பாதத்தருகே கிடத்தினார்களாம். அத்தனை பேர் தொட்டார்கள். எல்லாரும் மேல்பக்கத்தைத்தான் தொட்டார்கள். பாதத்தைத் திருப்பி அடியை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அடியில் தோல் இல்லை. திரும்பி வந்தபின் வீட்டுத் தரையில் ஈரத் தடம் கண்டு அக்காதான் பார்த்திருக்கிறாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். "சர்க்கரையில நரம்பு செத்துப் போயிருக்கு சார். அவருக்கு வலிக்காததுதான் வியாதியே. முதல் நாளே சொன்னேன். 'அப்ப மாதா தூக்கலையா?'ன்னு என்னைக் கேக்கறாரு. நான் என்ன சொல்லட்டும்? புண்ணப் பத்தித்தான் எனக்குத் தெரியும்."

"இப்ப என்ன பண்ணணும்?"

"இன்னைக்குன்னா முழங்காலுக்குக் கீழ. நாளைக்குன்னா மேல. அதுக்கும் மேல விட்டா ரத்தத்துல ஏறிடும். அப்பறம் என்கிட்ட கேக்காதீங்க."

நான் உள்ளே போய்ச் சொன்னேன். எனக்குத் தெரிந்த நயமான சொற்களையெல்லாம் எடுத்துப் பேசினேன். அத்தான் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்த கால என்ன பண்ணுவாங்கன்னு கேட்டியா?"

கேட்கவில்லை.

"நான் கேட்டேன். எரிச்சுடுவாங்களாம். பஞ்சு, ஊசி, குப்பையோட. அது வேளாங்கண்ணி வரைக்கும் போன காலு மாப்ள. எங்கப்பன் கல்லறை பக்கத்துல மண்ணுக்குள்ள வைக்கணும். கடைசி நாள்ல எல்லாரும் எந்திரிக்கறப்ப நான் மட்டும் காலத் தேடிக்கிட்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறணுமா?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "உசுரோட இருக்கறதுக்கு வழியப் பாருங்க. எந்திரிக்கறது அப்பறம்" என்றாள்.

"சாமியார் சொல்லட்டும், கல்லறைல எடம் தரேன்னு. அடுத்த நிமிசம் கையெழுத்துப் போடறேன். பாவமன்னிப்புல சொல்ற மாதிரி சொல்றேன் பிலோ, பொய் இல்ல."

பங்குச் சாமியாரின் போன் அணைந்திருந்தது. கிளைக் கிராமங்களுக்குப் பூசைக்குப் போயிருப்பார், அங்கெல்லாம் சிக்னல் இருக்காது என்றாள் அக்கா. சாயங்காலம் வரை அடித்துப் பார்த்தோம். அன்றைய நாள் அப்படியே அணைந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அத்தான் ஊர் அரியலூர் தாண்டி, ஏலாக்குறிச்சிக்குச் சற்று இந்தப் பக்கம். பாதி வழியில் பஸ் நின்றது. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று குடைசாய்ந்து, சாலை முழுக்க வெள்ளைக் கல். உடைந்த பல் மாதிரி. டிரைவர் மண்ணில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"அடி ஏதும் பட்டுச்சாண்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. வண்டிதான் படுத்துக்கிச்சு. ராவும் பகலும் ஓட்டினா அதுக்கும் தூக்கம் வராதா?"

எல்லாரும் இறங்கிக் கல்லைப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்தேன். அக்கா அழைத்தாள். "காய்ச்சல் ஏறுது தம்பி. ஒளர்றாரு. லாரிக்கு டீசல் போட்டாச்சாங்கறாரு." பால் கேன் கட்டிய வண்டிக்காரர் ஒருவரைக் கெஞ்சி ஏறிக்கொண்டேன். கேன்கள் முழங்காலில் இடித்தபடியே வந்தன. உயிர் இருக்கிற கால் என்பதால் வலித்தது.

சாமியார், கோயிலை ஒட்டிய தன் பங்களா வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயசுக்கு மேல் இருக்காது. நான் சொல்லி முடிக்கும்வரை துணியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"கால் மட்டுமா?"

"கால் மட்டும் ஃபாதர்."

"இப்படி யாரும் கேட்டதில்ல. ஆனா தடை ஒண்ணும் கிடையாது. பூசை இல்ல, மந்திரிச்சு ஒரு ஜெபம் சொல்லலாம். போனைப் போடுங்க."

அக்கா போனை அத்தான் காதில் வைத்தாள். சாமியார் குரலை உயர்த்தினார். "சவரிமுத்து, கல்லறைல எடம் உண்டு. நானே வந்து நிக்கறேன். நீங்க கையெழுத்துப் போடுங்க."

கரகரவென்று ஒரு மூச்சு. பிறகு, "எங்கப்பா பக்கத்துலதான சாமி?"

"பக்கத்துலதான்."

கோயில்பிள்ளை மரியதாஸ் கையில் துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலைப் பெருக்கி, மெழுகுதிரி ஏற்றி, மணி அடிப்பவர். "நாளைக்குக் குழி வெட்டச் சொல்லிடட்டுங்களா சாமி?" என்றார். "சொல்லுங்க" என்று சாமியார் பைக்கில் ஏறிவிட்டார்.

மத்தியானம் அக்காவின் குரல் வற்றியிருந்தது. "உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. முழங்காலுக்கு மேலங்கறாங்க தம்பி."

"கீழன்னுதான சொன்னாங்க?"

"அது நேத்து."

அப்புறம் சொன்னாள், "நீ ஏலாக்குறிச்சிக்குப் போய் மாதாவுக்கு ஒரு வெள்ளிக் கால் வாங்கி வெச்சுட்டு வா. கால் கொணமானா வெக்கறேன்னு வேண்டியிருந்தேன்."

குணமாகவில்லையே என்று நான் கேட்கவில்லை.

ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயில் முன்னால் கடைகள். அன்றைக்குத் திருநாள் இல்லை, கூட்டமும் இல்லை. தகட்டில் அடித்த உறுப்புகள் அட்டையில் குத்தித் தொங்கின. கண் ஜோடி, கை, தொட்டில், வீடு. புதிதாக ஒரு விமானம்கூட இருந்தது, வெளிநாட்டு வேலைக்காக. எங்கள் கடற்கரைக் கோயில்களில் தோணி வைப்பார்கள். கடைக்காரம்மா மெழுகுதிரிக் கட்டுகளுக்கு நடுவே தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கால் ஒண்ணு வேணும்."

"நோவுக்கா, எலும்பு முறிவுக்கா?"

"எடுக்கறாங்க."

சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "போற காலுக்கு யாரும் வாங்கறதில்லைங்களே சார். இருக்கற காலுக்கு வாங்கிக்கங்க."

இருக்கிற காலுக்கென்றே ஒன்று வாங்கினேன். உள்ளங்கையில் எடையே இல்லை. பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு மாதாவைப் பார்த்தேன். ராஜகுமாரி மாதிரி உடுத்தியிருந்தாள். எவ்வளவோ பேரைத் தூக்கினவள். யாரைத் தூக்கினாள், யாரைத் தூக்கவில்லை என்று அவளுக்கே குழப்பம் வராதா? ஜெபிக்கத்தான் போனேன். இதுதான் வந்தது.

மூன்றாம் நாள் கால் என் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மஞ்சள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொடுத்தார்கள். தொடையோடு சேர்ந்து வந்ததால் நான் வாங்கி வைத்திருந்த அட்டைப்பெட்டி போதவில்லை. மீன் கடையில் கெஞ்சி நீளமான தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கிவந்தேன். அக்கா தன் கழுத்து உத்தரியத்தைக் கழற்றி உள்ளே வைத்தாள். மூடியை அவளே அழுத்தி மூடினாள். பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றாள்.

இரண்டு ஆட்டோ மாட்டேன் என்றது. குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று கிடைத்தது. டிரைவர் கலியபெருமாள், கல்லங்குறிச்சிக்காரர். முன் கண்ணாடியில் நாமம், துளசி மாலை. பெட்டியைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்.

"வஞ்சிரமா சார்?"

"கால்."

"ஆட்டுக் காலா?"

"எங்க அத்தான் கால்."

ஊரைத் தாண்டும்வரை அவர் பின்கண்ணாடியில் பெட்டியையே பார்த்து ஓட்டினார். பிறகு வண்டியை ஓரம் கட்டினார். இறக்கிவிடப் போகிறார் என்று நினைத்தேன். பின்னால் போய்ப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தார். "ரோடு மோசம். ஆடக் கூடாது" என்றார். அதன்பின் பள்ளம் வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, "பாத்து, பாத்து" என்று முணுமுணுத்தார். என்னிடமில்லை.

சிமெண்டு ஆலைக்குள் போகும் தண்டவாளத்தில் கேட் போட்டிருந்தார்கள். முன்னும் பின்னும் லாரிகள். வெயிலில் பெட்டி மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது.

"அவருக்கு இனிமே செருப்பு ஒண்ணுதான் வேணும், இல்லைங்களா?" என்றார் கலியபெருமாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க சார். எனக்கு வாயி அப்படி."

"அத்தான் கேட்டா சிரிப்பாரு" என்றேன். உண்மைதான்.

ஊர் எல்லையில் நுழையும்போதே மணி கேட்டது. ஒன்று அடித்து, நிறுத்தி, இழுத்து ஒன்று. சாவு மணி.

கோயில் முன்னால் பந்தல்காரன் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தான். பெண்கள் தலைவிரித்து வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். "காவி கட்டி நடந்தவனே, கர்த்தர் கிட்ட போனியா..." வண்டியைப் பார்த்ததும் ஒப்பாரி ஓங்கியது. நான் தெர்மாகோல் பெட்டியை இறக்கினேன். ஒப்பாரி நடுவில் அறுந்தது.

"என்னய்யா இது? ஆள் எங்க?" என்றார் மாலையோடு நின்ற ஒருவர்.

"ஆள் ஆசுபத்திரில. நல்லாத்தான் இருக்காரு. இது கால்."

அப்பன் கல்லறை பக்கத்தில் குழி, கூடவே மணி, ஊர் தானே கணக்குப் போட்டிருந்தது. சத்தம் கிளம்பியது. எல்லாரும் மரியதாஸிடம் பாய்ந்தார்கள். "ஏன்யா, உசுரோட இருக்கறவனுக்கு மணி அடிப்பியா? மூளை இருக்கா?"

மரியதாஸ் கயிற்றை விடாமலே பதில் சொன்னார். "காலுன்னு எனக்குத் தெரியும்யா. கல்லறைத் தோட்டக் கதவு தொறந்தா மணி அடிக்கணும். எங்கப்பன் காலத்துலேர்ந்து அதுதான் முறை. காலுக்குன்னு தனி மணி வெச்சிருக்காங்களா? இருந்தா காட்டு, அடிக்கறேன்."

அழுத பாட்டியொருத்தி மூக்கைச் சிந்திவிட்டு, "அழுதது அழுததுதான். திருப்பியா எடுக்க முடியும்?" என்றாள். அண்டா நிறைய டீ கொதித்துக்கொண்டிருந்தது. போட்ட டீயைக் கொட்டவா முடியும் என்று அதையும் ஊற்றிக் கொடுத்தார்கள். கலியபெருமாளும் இரண்டு டம்ளர் குடித்தார்.

அதற்குள் சாவுச் செய்தி போன் வழியே போய்விட்டிருந்தது. அக்கா கூப்பிட்டாள். அழுகிறாளா, கத்துகிறாளா என்று தெரியவில்லை. அத்தானுக்குக் காய்ச்சல் மயக்கம் தெளிந்து கொஞ்ச நேரத்தில் அவர் போன் அடித்திருக்கிறது. அவரே எடுத்திருக்கிறார். அழைத்தது கூட லாரி ஓட்டிய சிநேகிதன். "போயிட்டியேடா சவரி" என்று அழுதிருக்கிறான், போனை யார் எடுத்தது என்றுகூடக் கேட்காமல். அத்தான் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாராம், "நான் இன்னும் போவலடா. காலு முன்னாடி போயிருக்கு."

குழி பிள்ளைக் குழி அளவுக்குத்தான் இருந்தது. அரை ஆள் ஆழத்துக்கே வெள்ளைச் சுக்கான் பாறை வந்துவிட்டது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். புத்தகத்தைத் திறந்து, புரட்டி, மறுபடி புரட்டினார். அதில் முழு மனிதர்களுக்கான ஜெபங்களே இருந்தன போலும். மூடிவிட்டு, "ஆண்டவரே, இது நடந்த தூரம் உமக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். எல்லாரும் ஆமென் என்றோம். விரல் எந்தப் பக்கம் என்று வெட்டியான் கேட்டான். அப்பன் பக்கம் என்றார்கள் சிலர், கோயில் பக்கம் என்றார்கள் சிலர். பெட்டி மூடியிருந்தது. விரல் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. நான் ஒரு பக்கத்தைக் காட்டினேன்.

நான்காம் நாள் காலை பெரம்பலூருக்குத் திரும்பினேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் சட்டென்று தரையாகவும் கிடந்தது. "வெச்சுட்டியா?" என்றார். "வெச்சாச்சு." "மணி நல்லா கேட்டுச்சாமே?" என்று உதட்டைக் கோணினார். அக்கா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்து தையலைப் பார்த்தார். பிறகு போர்வையை விலக்கி இடது பாதத்தை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு நைலான் இழையை எடுத்தார், தூண்டில் நரம்பு மாதிரி.

"கண்ண மூடிக்குங்க. நான் தொடறப்பல்லாம் 'தெரியுது'ன்னு சொல்லணும்."

அத்தான் கண்ணை மூடினார். கை ஜெபமாலையைத் தேடிப் பிடித்தது.

டாக்டர் பெருவிரலைத் தொட்டார். இழை வளைந்தது. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. பாதத்தின் நடுவில் தொட்டார். குதிகாலில் அழுத்தினார், இழை வில்லாக வளையும்வரை. அத்தான் முகத்தில் ஒன்றுமே இல்லை. அக்கா ஆற்றுவதை நிறுத்திவிட்டாள். வார்டில் அந்த நேரம் பார்த்து யாரும் இருமவில்லை. அந்த அமைதி அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"தெரியுது" என்றார்.

டாக்டர் அப்போது எதையும் தொட்டிருக்கவில்லை. இழை அவர் விரல்களில், காற்றில் நின்றது.

"தெரியுது" என்றார் மறுபடி, கொஞ்சம் உரக்க, பூசையில் பதில் சொல்வதுபோல.

டாக்டர் பாதத்தை மெத்தையில் மெதுவாகக் கிடத்திவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றார். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அத்தான் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"இப்பவும் தெரியுது டாக்டர்."